நோன்புத் தட்டுகள்

போன மாதம் என்னுடைய பழைய ஆய்வுகூடத்திலிருந்து ஓர் அழைப்பு. இப்போது அங்கே வேலை செய்யும் பிள்ளைகளில் ஒருத்தி, களனியிலிருந்து வருகிறவள், ஆங்கிலமும் சிங்களமும் தமிழும் கலந்து கேட்டாள்: "மிஸ், தசைக் கலங்களுக்குக் கடைசியில குடுக்கிற மெல்லிய மீடியம் இருக்குதானே, அந்தப் போத்தல்ல ஏன் நோன்பு என்டு எழுதுறம்? புதுசா வந்த டொக்டர் கேட்டார். இங்க ஒருத்தருக்கும் தெரியல்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காரணம் தெரியாமலே இத்தனை காலம் ஒழுங்காக எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்கள். எங்களிடம் பழகிய பிள்ளைகள் அப்படித்தான் இருப்பார்கள். "தொலைபேசியில் சொல்ல முடியாது, எழுதி அனுப்புகிறேன்" என்றேன். வெள்ளவத்தை வீட்டின் பின்பக்க யன்னலோரம், ரயில் போகும் நேரங்களில் பேனையை நிறுத்தி நிறுத்தி எழுதியது இது.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விஞ்ஞானம் படித்தேன், மருத்துவ ஆய்வுகூடப் பயிற்சி பெற்றேன், சில வருடங்கள் இரத்தமும் சிறுநீரும் பரிசோதித்தேன். "இவ்வளவு படிச்சுப்போட்டு மூத்திரப் போத்தலோட நிக்கிறாள்" என்று அம்மா வீட்டுக்கு வருகிறவர்களிடம் முறையிடுவார். பிறகு பரம்பரை நோய்களுக்கான ஆய்வுகூடம் ஒன்றில் இடம் கிடைத்தது. அங்கே என் வேலை கலங்களை, அதாவது செல்களை, வளர்ப்பது. மனிதத் தோலிலிருந்தோ தசையிலிருந்தோ ஒரு துளி எடுத்து, பிளாஸ்டிக் தட்டில் போட்டு, உடம்புச் சூட்டில் இருக்கும் இன்கியுபேட்டருக்குள் வைத்துப் பெருக்க வேண்டும். அம்மாவுக்கு இது இன்னும் குறைவான வேலையாகவே தெரிந்தது.

கலங்களுக்கு லீவு நாள் கிடையாது. குறித்த நேரத்தில் பழைய மீடியத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். சத்துக்குச் சீரம் சேர்த்த அந்தச் சிவந்த திரவத்தைத்தான் நாங்கள் சாப்பாடு என்போம். அந்த வேலைக்கு நாங்கள் மூன்று பேர்: நில்மினி, பரீனா, நான். வெசாக்குக்கும் புத்தாண்டுக்கும் நில்மினி லீவு எடுத்தால் அவளுடைய தட்டுகளுக்கு நானும் பரீனாவும் சாப்பாடு போடுவோம். பெருநாளுக்கு பரீனாவின் தட்டுகளை நில்மினியும் நானும் பார்ப்போம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் என்னுடையவை அவர்கள் பொறுப்பு. யாரும் யாரிடமும் கேட்பதில்லை. விடுமுறை முடிந்து வருகிறவர் கொக்கிஸோ வட்டலாப்பமோ முறுக்கோ கொண்டுவந்தால் கணக்குத் தீர்ந்தது. நாட்டில் எது எப்படி நடந்தாலும் எங்கள் இன்கியுபேட்டருக்குள் ஒரு கலமும் பசியால் சாகவில்லை என்று நாங்கள் பெருமையடித்துக்கொள்வோம்.

பரீனாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கொட்டாஞ்சேனையில் வீடு. என்னைவிட வயதில் குறைந்தவள், என்னை யோகாக்கா என்பாள், ஆனால் ஆய்வுகூடத்துக்கே உம்மா மாதிரி. யாராவது மத்தியானம் சாப்பிடாமல் இருந்தால் அவளால் பொறுக்க முடியாது. தன் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியில் பாதியைக் கொட்டி முன்னால் தள்ளிவிட்டு, சாப்பிட்டு முடியும்வரை பக்கத்திலேயே நிற்பாள்.

எங்கள் தலைவர் ஒரு பேராசிரியர். எல்லோருக்கும் 'சேர்'. யாழ்ப்பாணத்து மனிதர், வெள்ளவத்தையில் என் ஒழுங்கைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தார். கலம் வளர்க்கும் அறைக்குள் நுழையும்போது கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போடுவார். நுணுக்குக்காட்டியில் கண்ணை வைக்கும் முன் "இது ஆற்றை வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பார். இலக்கம் சொன்னால் பார்க்க மாட்டார், யாருடைய கலம் என்று பெயர் சொல்ல வேண்டும். அந்த அறைக்குள் அவர் யாரையும் ஏசியதே இல்லை. தட்டுகள் திறந்திருக்கும் இடத்தில் உரத்துக் கதைத்தால் எச்சில் பறந்து பங்கசுப் பூஞ்சை பிடிக்கும் என்பது அவர் சட்டம். ஏச வேண்டுமென்றால் "ஒருக்கா கொரிடோருக்கு வாரும்" என்பார். நாங்கள் கையுறையைக் கழற்றி, மேலங்கியைக் கழற்றி, முழங்கைவரை கைகழுவி, செருப்பை மாற்றிக்கொண்டு வெளியே போவதற்குள் அவருடைய கோபம் பாதி ஆறிவிடும். இதைக் கண்டுபிடித்த பிறகு நாங்கள் கைகளை மிகவும் சுத்தமாகக் கழுவத் தொடங்கினோம்.

நீண்ட காலம் நாங்கள் வளர்த்தது தோல் கலங்கள்தான். தசை பிறகுதான் வந்தது. வந்த நாளில் சேர் எங்கள் மூவரையும் இருத்தி வைத்து விளக்கிய விதத்தை இன்றும் நினைத்துச் சிரிப்பேன்.

தசை நார்களின் ஓரத்தில் மூலக் கலங்கள் சில ஒட்டிக்கொண்டு சும்மா கிடக்கும். பத்திரிகைகளில் ஸ்டெம் செல் என்று எழுதுகிறார்களே, அந்த வகை. தேவை வந்தால் அவை விழித்துப் பெருகும். பிறகு பெருகுவதை நிறுத்தி, ஒன்றோடொன்று இணைந்து நீண்ட நாராகும். எப்போது பெருகுவது, எப்போது நிறுத்துவது, எப்போது இணைவது என்பதைச் சில பரம்பரை அலகுகள், அதாவது ஜீன்கள், கட்டளையிட்டு நடத்துகின்றன. பக்ஸ் ஏழு, மயோ-டி, மயோஜெனின் என்று அவற்றுக்குப் பெயர்.

"உந்தப் பேரெல்லாம் பாடமாக்க வேண்டாம்" என்றார் சேர். "பக்ஸ் ஏழு தாய். பிள்ளையை வீட்டுக்குள்ளயே வச்சிருப்பா. இன்னும் படிக்கட்டும், இப்ப என்ன அவசரம் எண்டுவா. மயோ-டி தரகர். அவர் உள்ளுக்கு வந்திட்டா பிள்ளையின்ரை போக்கு மாறும். மயோஜெனின் ஐயர். அவர் வந்து இருந்திட்டா பிறகு திரும்பிப் போக ஏலாது. அதுக்குப் பிறகுதான் கலத்தோட கலம் கைபிடிக்கும், தசை வரும்."

"அப்ப நாங்க என்ன சேர் செய்யவேணும்?" என்று கேட்டாள் பரீனா.

"முதல்ல நல்லாச் சாப்பாடு போட்டுப் பெருக்கவேணும். பிறகு சீரத்தைக் குறைச்சுப் பட்டினி போடவேணும். வீட்டில மூண்டு நேரமும் புட்டும் மீன்குழம்பும் கிடைச்சா ஆர் கலியாணத்துக்கு ஓம் எண்டுவினம்?"

பரீனாவின் முகம் சுருங்கிப் போனது. பட்டினி என்ற சொல் அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஷெரின் எங்களிடம் வந்தது அதற்குப் பிறகு. மட்டக்குளிப் பிள்ளை, முன்பள்ளி வயது. தகப்பன் அன்டன் கடலுக்குப் போகிறவர், தாய் டிலானி. பிறந்ததிலிருந்தே பிள்ளையின் உடம்பில் தசை குறைவு. தாமதமாக நடந்தாள், மாடிப்படி ஏற மாட்டாள். முகம் அசையவே அசையாது. பரீனா முதல் நாள் டொபி ஒன்றைக் கொடுத்துவிட்டு, பிள்ளை முகத்தை அப்படியே வைத்திருந்ததைப் பார்த்து, "இந்த டொபி புடிக்கல்ல போல" என்று வருத்தப்பட்டாள். அப்போது பிள்ளையின் தொண்டைக்குள்ளிருந்து 'குக் குக்' என்று ஒரு சத்தம் வந்தது. "சிரிக்கிறா மிஸ்" என்றாள் டிலானி. "முகத்துல வராது. சத்தத்துலதான் கண்டுபிடிக்கணும்." அன்றிலிருந்து அந்தச் சத்தத்தை வரவழைப்பது எங்கள் மூவருக்கும் ஒரு போட்டியாகிவிட்டது.

வெளிநாட்டுக்கு அனுப்பிய இரத்தப் பரிசோதனையில், ஒரு ஜீனின் இரண்டு பிரதிகளிலும் மாற்றம் இருப்பதாக அறிக்கை வந்திருந்தது. தசைக் கலங்கள் ஒன்றோடொன்று இணைய உதவும் ஜீன் அது. ஆனால் அந்த மாற்றங்கள்தான் நோய்க்குக் காரணமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் அதே அறிக்கை சொன்னது. இந்த வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு தாய் என்ன செய்வாள்? சேர் தொடையிலிருந்து ஒரு சிறு துண்டுத் தசை எடுக்க ஒழுங்கு செய்தார். பிள்ளையின் கலங்களைத் தட்டில் வளர்த்து, அவை தசையாகின்றனவா என்று நேரில் பார்த்துவிடலாம் என்பது அவர் எண்ணம்.

துண்டு எடுத்த அன்று சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு வெளியே டிலானியோடு நான் இருந்தேன். அவள் என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்.

"மிஸ், ஷெரின் வயித்துல இருக்கும்போது ஒரு நாள் கிரகணம். மாமி வெளிய போயிருந்தாங்க. மீன் பழுதாப் போயிரும் என்டு நான் வெட்டிட்டேன். அதாலதான் புள்ளைக்கு முகம் இப்படி என்டு வீட்டுல எல்லாரும் சொல்றாங்க. அதாலயா மிஸ்?"

"அப்படி ஒன்றும் இல்லை" என்றேன்.

"நீங்க நல்ல மனசுல சொல்றீங்க" என்றாள். "என்னால இல்லாட்டி வேற யாரால? அதைச் சொல்ல ஒருத்தரும் இல்லையே. மாமி என்னை அம்மா வீட்டுக்கு அனுப்பப் போறாங்களாம். புள்ளைய இங்க விட்டுட்டுப் போகணுமாம். இவர் வாயே திறக்கிறாரில்ல."

என் ஆறுதல் அவளுக்கு உதவாது என்று எனக்கு அப்போதே விளங்கியது. அவளுக்கு மாமியாரின் முன்னால் வைக்கக்கூடிய ஒரு பதில் வேண்டும்.

தசைத் துண்டைக் கத்தியால் பொடியாக நறுக்கி, நொதியத்தில் கரைத்து, கலங்களைப் பிரித்தேன். ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். தசைத் துண்டில் தோலைச் சேர்ந்தவை போன்ற கலங்களும் கலந்திருக்கும். அவை அவசரக்காரர்கள், தட்டில் ஊற்றியதும் ஓடிப்போய் ஒட்டிக்கொள்வார்கள். தசைக்கான கலங்கள் யோசித்து யோசித்துத்தான் ஒட்டும். ஆகவே முதல் தட்டில் ஊற்றிக் கொஞ்சம் பொறுத்து, ஒட்டாமல் மிதப்பவற்றை மட்டும் அடுத்த தட்டுக்கு மாற்ற வேண்டும். கொஞ்சம் முந்தினால் கலப்படம், கொஞ்சம் பிந்தினால் நல்லவையும் போய்விடும். ஷெரினுக்கு ஏற்கனவே தசை குறைவு என்பதால் மிஞ்சியவை சொற்பம். அவற்றைப் பெருக்கி, பாதியை உறையவைத்துப் பாதுகாத்தேன். மீதியையும், ஒப்பிட்டுப் பார்க்க நல்ல தசையுள்ள ஒருவரின் கலங்களையும் பக்கத்துப் பக்கத்துத் தட்டுகளில் வைத்து, தீபாவளிக்கு முந்திய நாள் பட்டினி மீடியத்துக்கு மாற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

தீபாவளி முடிந்து முறுக்கோடு வந்து பார்த்தால் இரண்டு தட்டிலும் கலங்கள் கொழுகொழுவென்று பெருகிக் கிடந்தன. ஒன்றுகூடத் தசையாகவில்லை. ஷெரினுடையவை ஆகாதது நோயாக இருக்கலாம். நல்ல தசைக்காரரின் கலங்களுமா ஆகாது?

சேர் நுணுக்குக்காட்டியிலிருந்து கண்ணை எடுத்து மெதுவாகச் சொன்னார். "எல்லாரும் ஒருக்கா கொரிடோருக்கு வாங்கோ."

அன்றைக்குக் கைகழுவ எனக்குப் பொறுமை இருக்கவில்லை. வெளியே வந்ததும் சேர் கேட்டது ஒரே கேள்வி. "ஆர் இவைக்குச் சாப்பாடு போட்டது?"

பரீனா தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தான் சேர். யோகாக்கா லீவுதானே என்டு தட்டைப் பாத்தா, எல்லாம் மெலிஞ்சு வாடிப்போய் ஈக்கு. பட்டினித் தட்டு என்டு மூடியில எழுதியும் இல்ல, ஏதோ பிழையாப் போச்சு என்டு நெனச்சேன். தீவாளியும் அதுவுமா இதுகள் பட்டினி கெடக்கிறதா என்டு மனசு கேக்கல்ல. சீரத்தையும் கொஞ்சம் கூடப் போட்டன்."

பரீனா செய்தது நாங்கள் மூவரும் ஒவ்வொரு பண்டிகைக்கும் செய்துவந்த அதே வேலை. இத்தனை வருடத்தில் அதனால் ஒரு தட்டும் பழுதானதில்லை. தசை என்று ஒன்று வரும், அதற்குச் சாப்பாடு போடாமல் இருப்பதுதான் உபகாரம் என்று எங்கள் பழக்கத்துக்குத் தெரியாது.

சேர் கொரிடோரின் கடைசிவரை போய்த் திரும்பி வந்தார். "கலியாண வீட்டில புட்டு அவிச்சுப் போட்டுத் தரகரைத் துரத்திப்போட்டீர்" என்றார். பரீனா அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். அவர் குரல் உடனே மாறியது. "பிள்ளையை இரண்டாந்தரம் வெட்டேலாது. அவளின்ரை மூச்சுத் தசையும் பெலன் குறைவு, இன்னொருக்கா மயக்கமருந்து குடுக்கேலாது. இந்தத் தட்டு இனி உதவாது, உறையவச்சதுதான் எங்களிட்டை இருக்கிறது. அதுவும் போனா டிலானிக்குச் சொல்ல எங்களிட்டை ஒண்டும் இல்லை."

தரகரையும் ஐயரையும் கண்டுபிடிக்க உதவும் நிறமேற்றும் மருந்து வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தது. அது வந்து சேர மாதங்கள் போயின. இடையில் டிலானி ஒருமுறை தொலைபேசியில் அழைத்தாள். அம்மா வீட்டிலிருந்துதான் கதைத்தாள். ஷெரின் மட்டக்குளியில்.

உறையவைத்ததை வெளியே எடுத்த நாளில் ரமழான் தொடங்கியிருந்தது. கலங்கள் விழித்தன, ஒட்டின, பெருகின. பட்டினி மீடியத்துக்கு மாற்றும் நாளில் பரீனா தானாக வந்து நின்றாள்.

"யோகாக்கா, இதுக்குப் பட்டினி என்டு செல்லாதீங்க. பட்டினி என்டா ஒண்டும் இல்லாம கெடக்கிறது. இது ஒண்டுக்காகச் சாப்பிடாம ஈக்கிறது. இது நோன்பு." தட்டின் மூடியில் பேனையால் பெரிதாக 'நோன்பு' என்று எழுதினாள். நில்மினி அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, அதன் கீழே சிங்கள எழுத்தில் அதே சொல்லை எழுதினாள். "நானும் நோன்பு, இதுகளும் நோன்பு. எவனாவது சாப்பாட்டோட கிட்ட வரட்டும் பாப்பம்" என்று பரீனா இன்கியுபேட்டருக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டாள். துப்புரவு செய்ய வந்தவரைக்கூட சந்தேகமாகத்தான் பார்த்தாள்.

நிறமேற்றிப் பார்த்த நாளில் அறையை இருட்டாக்கிவிட்டு முதலில் நல்ல தசைக்காரரின் தட்டை வைத்தோம். கலங்கள் இணைந்து, நீளமான நார்களாக வரிசையாகப் படுத்திருந்தன. சேர் கையை நீட்டினார். நான் அடுத்த தட்டைக் கொடுத்தேன்.

"இது ஆற்றை வீட்டுப் பிள்ளை?"

"ஷெரின், சேர்."

நீண்ட நேரம் பார்த்தார். பிறகு எழுந்து எனக்கு இடம் விட்டார். ஷெரினின் கலங்களுக்குள் மயோ-டி பளிச்சென்று தெரிந்தது, மயோஜெனினும் தெரிந்தது. தரகர் வந்திருக்கிறார், ஐயரும் வந்திருக்கிறார். கட்டளையிடும் ஜீன்கள் தங்கள் வேலையைக் குறையில்லாமல் செய்திருந்தன. ஆனால் கலங்கள் பெரும்பாலும் தனித்தனியே கிடந்தன. அங்கே இங்கே இரண்டு மூன்று சேர்ந்த குட்டையான நார்கள் மட்டும். கோளாறு அந்தக் கடைசிப் படியில், அறிக்கை சொன்ன அதே இடத்தில்தான்.

பரீனாவும் பார்த்தாள். "அல்லாஹ், எவ்வளவு கிட்டத்துல ஈக்குதுகள்" என்றாள். பதில் கிடைத்ததற்குச் சந்தோஷப்படுவதா, பிள்ளைக்காக அழுவதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. இரண்டையும் செய்தோம்.

அன்டனும் டிலானியும் வேறு வேறு பஸ்ஸில் வந்து சேர்ந்தார்கள். அன்டன் ஷெரினைத் தோளில் வைத்திருந்தார். சேர் அவர்களுக்கும் தரகர் கதையைத்தான் சொன்னார். அவர்கள் வேதக்காரர் என்பதால் ஐயரை மட்டும் பாதர் ஆக்கிவிட்டார். "பாதர் பூசை வச்சு முடிச்சிட்டார். இவை கைபிடிக்கத்தான் பெலன் காணாது. கூடிக்கொண்டு போற நோய் இல்லையெண்டுதான் இதே குறையுள்ள பிள்ளைகளைப் பாத்தவை சொல்லினம். நடப்பாள், படிப்பாள். இன்னொரு பிள்ளை வேணுமெண்டா நாலில ஒருபங்குதான் பயம்."

"இது எதால சேர் வந்தது?" என்று கேட்டார் அன்டன்.

"ஒரு பங்கு தாயிட்டை இருந்து, ஒரு பங்கு உம்மட்டை இருந்து. ஒரு பங்கு மட்டும் வந்தா ஒண்டும் செய்யாது. இரண்டும் சேர்ந்தாத்தான்."

"என்டதும் இருக்கா?"

"சரிபாதி, தம்பி. உமக்கு உம்மடை அம்மாவிட்டையோ அப்பாவிட்டையோ இருந்து வந்திருக்கும். ஒருத்தரும் பிழை செய்யேல்லை. மீனும் செய்யேல்லை, கிரகணமும் செய்யேல்லை."

அன்டன் பிள்ளையை என் மடியில் தந்துவிட்டு எழுந்து கொரிடோருக்குப் போனார். கதவு சரியாக மூடவில்லை. தொலைபேசியில் அவர் குரல் கேட்டது. "அம்மா, டிலானி மீன் வெட்டினதால இல்ல. என்ட ரத்தத்துலயும் இருக்கு. உங்கட ரத்தமாவும் இருக்கலாம். இன்டைக்கு அவளைக் கூட்டிட்டுத்தான் வாறேன்."

டிலானி அழவில்லை. கலங்களைத் தான் பார்க்கலாமா என்று கேட்டாள். நாங்கள் அவளுக்கு மேலங்கி போட்டு, கைகழுவ வைத்து, உள்ளே கூட்டிப்போனோம். தன் பிள்ளையின் தட்டை அவள் நெடுநேரம் பார்த்தாள். "முழுக்க இல்லாட்டியும், கொஞ்சம் கைபிடிச்சிட்டிருக்குதானே மிஸ்?" என்றாள். ஓம் என்றேன். உண்மையும் அதுதான்.

அதற்குப் பிறகு எங்கள் மெல்லிய மீடியத்துக்கு நோன்பு என்பதே பெயராகிவிட்டது. அந்தச் சொல் எழுதிய தட்டை எந்தப் பண்டிகைக்கும் யாரும் தொடுவதில்லை. இதுதான், பிள்ளைகளே, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்.

இன்னும் ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். ஷெரினுக்கு ஒரு தம்பி இருக்கிறான். வாயெல்லாம் பல்லாகச் சிரிப்பான். ஆனால் அவன் எப்படி இருப்பான் என்று யாருக்கும் தெரியாத காலத்தில், டிலானியின் வயிற்றில் அவன் இருந்தபோது, ஒரு மத்தியானம் அவளிடமிருந்து அழைப்பு வந்தது. நான் பயந்துபோய் எடுத்தேன்.

"மிஸ், இன்டைக்குக் கிரகணம்" என்றாள் டிலானி. "மாமிதான் பாரை மீனைக் கொண்டுவந்து என்ட கையில தந்து வெட்டச் சொன்னாங்க."

"வெட்டினீங்களா?"

"வெட்டிட்டிருக்கேன் மிஸ். பக்கத்துல நின்டு ஏசுறாங்க, துண்டு பெருசாப் போச்சாம்."

அவளுக்குப் பின்னால் ஒரு கிழவியின் குரல் உரத்துக் கேட்டது. அதற்கும் பின்னால், 'குக் குக்' என்று ஷெரின் சிரித்துக்கொண்டிருந்தாள்.